பூநாரைகளுக்குப் பின்னால் ஒரு சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

தம்பி அனுப்பிய நான்கு பக்கக் குறிப்பு ஐப்பசி முதல் வாரத்தில் வந்து சேர்ந்தது. சென்னையின் கடலோரப் பகுதி ஒன்றில் புதிதாகத் திறந்திருக்கும் குழந்தைகள் மருத்துவமனை. அதன் காத்திருப்புக் கூடத்தில் 22 அடி நீளமும் 9 அடி உயரமுமாக ஒரு சுவர். அந்தச் சுவருக்காகப் பழவேற்காட்டுப் பூநாரைகளை வரைந்து, அச்சிட்டு, ஒட்டி முடித்த கதையைத் தம்பி அதில் எழுதியிருக்கிறார். இதை எழுதுகிறவன் அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தான். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போய், அந்தச் சுவருக்கு எதிரே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். இந்தக் கடிதத்தைத் தனியாக அனுப்பாமல் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தம்பி செய்த அதே தவற்றை நம் கடற்கரை ஊர்கள் முழுக்க, கையில் நல்ல தொழில் இருக்கிற பிள்ளைகள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

படத்தை எத்தனை பிக்சலில் வைப்பது, நிறத்தை எப்படிச் சரிபார்ப்பது என்ற பேச்செல்லாம் இங்கே கிடையாது. அது தம்பிக்குத் தெரியும். சில விஷயங்கள் அண்ணனைவிட நன்றாகவே தெரியும்.

முதலில் அந்த இணைப்புகள். ஆறு பட்டைகளாக அச்சிட்ட படம் என்பது குறிப்பைப் படித்ததால் தெரிந்தது. நேரில் போய்ப் பார்த்தபோது ஐந்து இணைப்புகளில் மூன்றைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. நாற்பதுக்கும் மேல் பறவைகள். குச்சிக் கால்களும் வளைந்த கழுத்துகளுமாக நெருக்கியடித்து நிற்கின்றன. ஒன்றின் மேல்கூட வெட்டு விழவில்லை. ரோலின் அகலத்தை முதலில் அளந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் தம்பி பறவைகளை நிறுத்தியிருக்கிறார். வரைந்து முடித்துவிட்டு, எங்கே வெட்டுவது என்று அச்சகத்தில் நின்று தலையைச் சொறிகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். எந்தக் கால் எந்த இடத்தில் ஊன்ற வேண்டும் என்பதைத் தாளின் அகலத்தை வைத்து முடிவு செய்தவர்களை, முப்பது வருடத்தில் இந்த அண்ணன் இதோடு இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறான். ஒன்று விட்டு ஒன்றாகப் பட்டைகளைத் தலைகீழாகத் திருப்பி அச்சிட்டு, மெஷினின் ஒரே ஓரத்தில் வந்த விளிம்புகளே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் அமையும்படி பார்த்துக்கொண்டதும் அப்படித்தான். விடியற்காலைத் தண்ணீரின் அந்தச் சாம்பல் படிந்த ரோஜா நிறம் இணைப்பைத் தாண்டுகிற இடத்தில் துளி மாறவில்லை. அதற்காகத் தம்பியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

இனி அந்தக் குறிப்பின் மூன்றாம் பக்கம்.

‘பயன்படுத்திய பொருள்’ என்ற தலைப்பு. அதற்குக் கீழே ஒரே வரி: பிரீமியம் குவாலிட்டி மீடியா, பிரீமியம் லேமினேஷன். அவ்வளவுதான். பூநாரையின் அலகுக் கருப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர், அந்தப் பறவை எதன் மேல் நிற்கிறது என்பதைச் சொல்ல ஒரு வரியோடு நிறுத்திவிட்டார். அந்த வரியிலும் பொருளின் பெயர் இல்லை.

பிரீமியம் என்பது விற்கிறவரின் சொல். செய்கிறவர் அதை வாயில் எடுக்கக் கூடாது. கொத்தனாரைக் கேட்டால் ஒன்றுக்கு ஐந்து என்று கலவைக் கணக்கைச் சொல்கிறார். நெசவாளி நூலின் கவுண்ட்டைச் சொல்கிறார். காப்பிக்கொட்டை வறுக்கிறவர்கூட சிக்கரி எத்தனை சதவீதம் என்று சொல்லித்தான் பொட்டலம் கட்டுகிறார். நாம் மட்டும் பிரீமியம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். மூன்று வருடம் கழித்து ஒரு பட்டை கிழிந்து, அதை மட்டும் மாற்ற வேண்டும் என்று மருத்துவமனைக்காரர் கேட்டால், தம்பி எந்த ரோலைத் தேடுவார்? பில்லைப் பார்த்தால் அதிலும் பிரீமியம் என்றே இருக்கும்.

எழுத வேண்டியது இப்படி: வினைலா, தாளா, இழை கலந்த நான்-வோவனா, துணியா, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், அல்லது எத்தனை மைக்ரான், மேட்டா, பளபளப்பா, என்ன மை, பின்னால் ஒட்டும் பசை எது, அது நிரந்தரமா, உரித்தெடுக்கக்கூடியதா, தீப்பற்றும் சோதனையில் என்ன வகுப்பு, எந்த ரோல், எந்த பேட்ச். ஏழெட்டு வரிதான். ஒரு போஸ்ட் கார்டில் அடங்கும்.

பெயர் எழுதாததால், அது என்ன என்று விரலால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வலது கீழ் மூலையில் விளிம்பு ஏற்கனவே இரண்டு விரல் அகலம் எழும்பியிருந்தது. சாதாரண மோனோமெரிக் வினைல். நூறு மைக்ரான் இருக்கும். மேலே பளபளப்பு லேமினேஷன். விளம்பரப் பலகைக்கும் கடைக் கண்ணாடிக்கும் நாம் தினமும் ஒட்டுகிற சரக்கு.

இந்த வினைல் ஏன் விளிம்பில் எழும்புகிறது என்பதை அடுப்படியில் பார்க்கலாம். காலண்டர் முறையில் செய்யும் வினைல் சப்பாத்தி மாதிரி. சூடான பிசினை உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்துத் தேய்க்கிறார்கள். தேய்த்த மாவு எப்படிப் பின்வாங்கப் பார்க்குமோ, அப்படி அந்தப் படலமும் காலம் முழுக்கத் தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். மோனோமெரிக் வகையில் மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருளும் மெல்ல மெல்ல வெளியேறிப் பசைக்குள் இறங்கும். காஸ்ட் வினைல் தோசை மாதிரி. கூழாக ஊற்றி, வேகவைத்து எடுப்பது. ஏறத்தாழ 50 மைக்ரான் தடிமன்தான். அதற்குச் சுருங்க வேண்டிய ஞாபகமே இல்லை. விலை அதிகம். அதனால்தான் வாங்குகிற கடையில் இந்த வேறுபாட்டைக் கேட்டாக வேண்டும். கேட்காதவருக்கு எப்போதும் சப்பாத்திதான் வரும்.

ஆனால் அண்ணனின் கோபம் வினைலின் தரத்தின் மேல் அல்ல. அந்தச் சுவரில் காஸ்ட் வினைலையே ஒட்டியிருந்தாலும் இதே கடிதம் வந்திருக்கும்.

அது வடகிழக்கு பார்த்த வெளிச்சுவர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடல் பக்கமிருந்து வரும் மழை முழுவதும் அதன் முதுகில்தான் அடிக்கும். உள்ளே எதிர்ச்சுவரில் ஏசி. 22 டிகிரியில் வைத்து, காற்று நேராகப் பூநாரைகளின் மேல் அடிக்கிறது. சென்னையில் வெளியே 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்றிலுள்ள ஆவி நீராகக் கோத்துக்கொள்ளும் நிலை ஏறத்தாழ 26 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் ஏன் வியர்க்கிறதோ, அதே காரணம்தான். வெளியிலிருந்து ஈரம் செங்கலுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் நுழைந்து, குளிர்ந்து காய்ந்திருக்கும் உள்பக்கத்தைத் தேடி வருகிறது. வந்த இடத்தில் பிளாஸ்டிக் கதவு. வினைல் 23 டிகிரியில் குளிர்ந்திருக்கிறது. ஆவி அதன் முதுகிலேயே நீராகிறது. இருட்டு, ஈரம், தின்பதற்குப் பட்டியிலும் பசையிலும் இருக்கும் அங்ககப் பொருள். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கட்டித்தர முடியாது.

குளிர்நாடுகளில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடும் ஈரமும், வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். சுவரின் உள்பக்கம் ஒட்டிய வினைல் அதைச் சுவருக்குள் நுழையாமல் தடுக்கிறது. அது சரியான பக்கத்தில் இருக்கிறது. நமக்கு வரும் கேட்டலாக்குகளில் பல அந்த நாடுகளில் எழுதப்பட்டவை. அதில் ஒட்டியிருக்கும் அழகான அறைகளைப் பார்த்துவிட்டு, அதே படலத்தை நாம் கடலோரத்து ஏசி அறையில், தவறான பக்கத்தில் ஒட்டுகிறோம்.

இது அண்ணனின் சொந்தப் பயம் அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடா நம் கடற்கரையைப் போலவே வெப்பமும் புழுக்கமும் உள்ள மாநிலம். அங்கே மார்ட்டின், போல்க் என்ற இரண்டு கவுண்டிகளில் கட்டிய புது நீதிமன்றக் கட்டடங்களை 1990களின் தொடக்கத்தில் ஆட்களை வெளியேற்றிக் காலி செய்ய வேண்டி வந்தது. பூஞ்சையால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. ஏசியின் குறைகளோடு சேர்ந்து, உள்சுவர்களில் ஒட்டிய வினைல் உறைக்கும் அதில் பெரிய பங்கு. பெரும் பணம் செலவழித்துச் சுவர்களைத் திறந்து சீர்செய்தார்கள். அதற்குப் பிறகு வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், குளிரூட்டிய அறையின் வெளிச்சுவரில் வினைல் ஒட்டக் கூடாது என்பது கட்டட அறிவியலில் பாலபாடம் ஆகிவிட்டது. நம்முடைய தொழிலில் மட்டும் அந்தப் பாடம் இன்னும் வந்து சேரவில்லை.

சுவரில் ஒட்டிய தாளும் ஈரமும் சேர்ந்து செய்த கெடுதலுக்கு இன்னும் பழைய கதை உண்டு. 1775இல் ஸ்வீடன் வேதியியலர் ஷீலே ஆர்சனிக் சேர்த்து ஒரு பச்சை நிறம் கண்டுபிடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சுவர்த்தாள்களில் அதைப் போன்ற பச்சைகள் கொடிகட்டிப் பறந்தன. ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் ஆரம்பகாலத் தாள்களிலும் ஆர்சனிக் இருந்தது. ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை பிடித்தால் அந்த நிறத்திலிருந்து நச்சு வாயு கிளம்புகிறது என்று 1890களில் இத்தாலியின் கோசியோ சோதித்துக் காட்டினார். இன்றைய மையில் ஆர்சனிக் கிடையாது. பூஞ்சையும் ஓதமும் அப்படியே இருக்கின்றன. இது மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கக் குழந்தைகள் வந்து உட்காரும் கூடம் என்பதைத் தம்பி ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

இதை எழுதுகிறவன் தொழில் கற்றது மதுரையில், போட்டோ ஸ்டுடியோக்களுக்குப் பின்திரை எழுதும் ஒரு கொட்டகையில். தாஜ்மகால், படிக்கட்டும் பூந்தொட்டியும், அருவி. கோவில்பட்டியில் தங்கி, காலண்டர் ஓவியங்களால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர்தான் என்று வாத்தியார் அடிக்கடி சொல்வார். திரை எழுதுவதைத் தாழ்வாக நினைக்காதே என்பதற்காக. காடாத்துணியை இழுத்துக் கட்டி, வஜ்ரத்தை உருக்கி, சுக்கான் மாவைக் கலந்து இரண்டு பூச்சு. அது காயும்வரை தூரிகையைத் தொட்டால் அடி விழும். சில சமயம் திரைக்குப் பதிலாகச் சுவரிலேயே எழுதச் சொல்வார்கள். ஜவுளிக்கடை, ஓட்டல், பண்ணையார் வீடு. வாத்தியார் போனவுடன் சுவரைப் பார்க்க மாட்டார். கன்னத்தைச் சுவரில் வைப்பார். கீழே ஒரு இடம், இடுப்புயரத்தில் ஒரு இடம், ஜன்னலோரம் ஒரு இடம். கைக்குத் தெரியாத குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும் என்பார். “இது குடிச்சிருக்குடா” என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் பட்டறையில் இருந்த பிள்ளைகளுக்குக் கூலி போயிற்றே என்ற வருத்தம்தான்.

சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கும் அந்த அறிவு இருந்தது. மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள். பூச்சியும் பூசணமும் அண்டாது. தாள், பசை, சுவர் மூன்றையும் ஒன்றாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகுதான் தாளை மட்டும் தனியாக நினைக்கும் பழக்கம் நமக்கு வந்தது. ஃப்ளெக்ஸுக்குச் சுவரே வேண்டாம். நாலு கம்பு போதும்.

அந்தப் பழக்கத்துக்கு இந்த அண்ணன் கொடுத்த விலை இது. 2006 ஆவணியில், டெல்டா பகுதியில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பின்னால் 30 அடிச் சுவர் முழுக்க ஒரு கோபுரத்தின் படம். மேற்கு பார்த்த வெளிச்சுவர்; பூசி ஒரு மாதம்கூட ஆகவில்லை; பட்டி பார்த்து வெள்ளை அடித்திருந்தார்கள். கன்னம் வைத்துப் பார்க்கவில்லை. முகூர்த்தத் தேதி நெருங்குகிறது என்று வினைல் ஒட்டி, பளபளவென்று லேமினேஷன் போட்டுக் கொடுத்தாயிற்று. தை மாதம் மண்டபக்காரர் போன் செய்தார். போய்ப் பார்த்தால் கோபுரத்தின் மூன்றாம் நிலை முழுக்கக் கொப்புளம். மணமக்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு கொப்புளம், பூரி அளவு. இழுத்தபோது வினைலோடு சேர்ந்து பட்டியும் அப்பளம் அப்பளமாகக் கையோடு வந்தது. பின்னால் வட்ட வட்டமாகக் கருப்பு. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைவிட, அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டாமல் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினாரே, அதுதான் இன்று வரை உறுத்துகிறது.

புதுச் சிமெண்ட் பூச்சு குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். மழைக்காலம் என்றால் இன்னும் கூட. அதன் காரம் பசையைத் தின்றுவிடும், உப்புப் பூத்துத் தாளைத் தள்ளும். வாத்தியாரின் கன்னத்தை நம்பாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாகச் சுவரில் ஒட்டிவிட்டு, மறுநாள் இதே நேரத்தில் வந்து பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வியர்த்திருந்தாலோ, சுவர் நிறம் கறுத்திருந்தாலோ வேலை தொடங்கக் கூடாது. ஈரம் அளக்கும் மீட்டரும் கிடைக்கிறது. ஒரு நல்ல கட்டர் பெட்டிக்குச் செலவழிப்பவர் அதையும் வாங்கலாம். இன்னொன்று: கறை ஒட்டாத, துடைக்கக்கூடிய எமல்ஷன் என்று விற்கிறார்களே, அதன் மேல் வினைல் பசை சரியாகப் பிடிக்காது. கறை ஒட்டாத மேற்பரப்பில் பசை மட்டும் எப்படி ஒட்டும்? அந்த மாதிரிச் சுவரில் முதலில் ஒரு சாண் துண்டை ஒட்டி, ஒரு நாள் விட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் ரோலைப் பிரிக்க வேண்டும்.

மருத்துவமனைச் சுவரைத் துடைக்க வேண்டாமா, அதற்குத்தானே வினைல் என்று தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குழந்தைகளின் கை நான்கு அடிக்கு மேல் போவதில்லை. அந்த நான்கு அடிக்கு டைலோ, பலகையோ வைத்துவிட்டுப் பூநாரைகளை அதற்கு மேலே நிறுத்தியிருக்கலாம். பழவேற்காட்டில் தண்ணீர் கீழேதானே இருக்கிறது, டைலையே தண்ணீராக்கியிருக்கலாம். அறைகளுக்கு நடுவிலுள்ள உள்தடுப்புச் சுவர் ஒன்று அதே கூடத்தில் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஏசி. வினைல்தான் வேண்டும் என்றால் அதற்கு அந்தச் சுவர். அல்லது நுண்துளையிட்ட வகை வினைல், ஆவியைக் கொஞ்சம் விடும்.

அண்ணனாக இருந்தால் அந்த வெளிச்சுவருக்குத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடியது நான்-வோவன் தாள். மரநாரும் பாலியஸ்டர் இழையும் கலந்தது. சதுர மீட்டருக்கு 180 கிராம் அளவில். பழைய காகிதத் தாள் பசையில் ஊறி விரியும், காயும்போது சுருங்கும். இணைப்பு வாய் பிளக்கும். நான்-வோவன் ஈரத்தில் அளவு மாறாது, அதனால் பசையைத் தாளில் தடவாமல் சுவரிலேயே தடவி ஒட்டலாம். ஆவி அதன் வழியே வெளியே போகும். வேண்டாத நாளில் காய்ந்தபடியே முழுப் பட்டையாக உரிந்து வரும், சுவரைப் பெயர்க்காது. தம்பியின் படம் முழுவதும் அந்தத் தாளில் 3 கிலோ சொச்சம்தான் எடை வந்திருக்கும். துடைப்பதற்கு மேலே நீர் சார்ந்த மேட் வார்னிஷ் ஒரு கோட். அதையும் தடிமனாக அடித்தால் மறுபடி பிளாஸ்டிக் கதவுதான், கை லேசாக இருக்க வேண்டும். ஈரம் இருக்கிற சுவருக்கு அதுவும் வேண்டாம் என்றால் துணி. பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் அச்சு, ஓரத்தில் சிலிக்கான் பட்டை தைத்து, அலுமினிய சட்டத்துக்குள் செருகுவது. 3.2 மீட்டர் அகல மெஷினில் அந்த 9 அடி உயரம் அப்படியே அடங்கும். 22 அடிக்கும் ஒரு இணைப்பு கிடையாது. துணிக்கும் சுவருக்கும் நடுவே விரல் புகும் இடைவெளி, காற்று ஓடும், கழற்றித் துவைக்கலாம். ஆனால் அப்படிச் செய்திருந்தால் அந்த ஐந்து இணைப்புகளின் சாமர்த்தியத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. அந்த ஒரு விஷயத்தில் அண்ணனுக்கு மனசு இல்லை.

உரிந்து வருகிற தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ரிக்ஸ்ஹைம் என்ற ஊர். அங்கே சூபர் நிறுவனம் 1834இல் ‘வட அமெரிக்கக் காட்சிகள்’ என்ற சுவரோவியத் தாளை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகளைக் கொண்டு, 32 பட்டைகளாகக் கையால் அச்சடித்தது. அதில் ஒரு முழுத் தொகுதி அமெரிக்காவின் மேரிலாந்தில், இடிக்கப்படவிருந்த ஒரு பழைய வீட்டின் சுவரில் இருந்தது. அதை உரித்தெடுத்தார்கள். 1961இல், ஜாக்குலின் கென்னடி வெள்ளை மாளிகையைப் புதுப்பித்தபோது, அந்த உரித்த தாள்தான் அங்கே விருந்தினரை வரவேற்கும் நீள்வட்ட அறையில் ஏறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. இன்னும் பக்கத்தில் வேண்டுமா? தஞ்சைப் பெரிய கோயில். கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலே இருந்த நாயக்கர் ஓவியங்கள் சிலவற்றைப் பூச்சோடு பெயர்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் ஏற்றிப் பார்வைக்கு வைத்தார்கள். அடியில் இருந்த சோழர் ஓவியமும் பிழைத்தது. இரண்டு சுவரிலும் மேல் படலம் கீழ்ப் படலத்தைக் கொல்லாமல் பிரிந்து வந்திருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. மண்டபத்துச் சுவரில் அண்ணன் ஒட்டியது பட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்ததை மேலே சொல்லியாயிற்று.

இரண்டாவது குறை அந்தப் பளபளப்பு. இதில் விவாதத்துக்கே இடமில்லை. கூடத்தின் கூரையில் ஏழு எல்ஈடி விளக்கு. ஏழும் தண்ணீரில் வெள்ளைத் தட்டுகளாக மிதக்கின்றன. மூன்று பூநாரைகளின் தலை இருக்கும் இடத்தில் விளக்கு இருக்கிறது. படம் எடுப்பவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் போய் நிற்கிறார்கள். அதைவிட மோசம், சாய்ந்து பார்த்தால் கொத்தனாரின் மட்டப்பலகை போன ஒவ்வொரு தடமும் பறவையின் முதுகில் அலையாகத் தெரிகிறது. மெல்லிய படலமும் பளபளப்பும் சேர்ந்தால் சுவரின் குறையைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிதான். மேட்டாக இருந்தால், லேசான மணல் கரகரப்போ லினன் நெசவோ உள்ள தாளாக இருந்தால், அந்தச் சுவரின் மேடு பள்ளத்தை அதுவே விழுங்கியிருக்கும். பளபளப்பில் நிறம் துள்ளும் என்று தம்பி எழுதியிருக்கிறார். சாம்பல் படிந்த அந்த விடியலைத் துள்ள வைக்க யார் கேட்டார்கள்?

குறிப்பின் கடைசிப் பக்கத்தில், காலையில் அச்சிட்டு, மாலையில் லேமினேஷன் போட்டு, மறுநாள் ஒட்டி முடித்தோம் என்று பெருமையோடு இருக்கிறது. ஈகோ சால்வென்ட் மை என்பது பேரில்தான் ஈகோ. அதன் கரைப்பான் ஆவியாக ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் ரோலைத் தளர்த்திக் காற்றாட வைக்க வேண்டும். மை உலராமல் மூடினால் கரைப்பான் கீழ்ப் பக்கமாகப் பசைக்குள் இறங்கி அதை இளக்கும். வாடையும் நாள் கணக்கில் அறையில் நிற்கும். அவசரம் என்றால் நீர் சார்ந்த லேட்டக்ஸ் மை இருக்கிறது. எச்.பி. 2008இல் கொண்டுவந்தது, மெஷினுக்குள்ளேயே சூட்டில் காய்ந்து வெளியே வரும், வாடை மிகக் குறைவு. குழந்தைகள் கூடத்துக்கு அதைத்தான் கேட்க வேண்டும். யூவி மை தட்டையான சுவருக்குச் சரி. தூணைச் சுற்றி மடக்கும் இடத்தில் வெடிக்கும். தீயைப் பற்றி ஒரு வார்த்தை: பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். வெளியேறும் வழியில் ஒட்டுகிற எதற்கும் சோதனைச் சான்றிதழ் வாங்காமல் ஒட்ட வேண்டாம்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாலு வயதுப் பையன், ஊசி போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, அழுகை நிற்காமலே சுவரோரம் போய் ஒற்றைக் காலில் நின்றான், பூநாரை மாதிரி. அம்மா சிரித்தாள். அவன் ஆட்டம் கண்டு சுவரில் கையை ஊன்றினான். ஊன்றிய இடம் அந்த எழும்பிய மூலைக்கு ஒரு சாண் மேலே. அங்கே அண்ணன் ஏற்கனவே கன்னம் வைத்துப் பார்த்திருந்தான். ஏசி குளிர்ச்சி வேறு, இந்தக் குளிர்ச்சி வேறு.

தம்பி கார்த்திகை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அந்த மூலையில் இரண்டடி உயரத்துக்கு வினைலைப் பிரித்து, பின்னால் என்ன நிறம் என்று பார்க்கட்டும். ஏசியின் இறக்கையை வேறு பக்கம் திருப்பச் சொல்லட்டும். வெளிப்பக்கம் மாடியிலிருந்து வரும் மழைக்குழாய் அந்தச் சுவரோடுதான் இறங்குகிறது, அதன் முழங்கையில் கசிவு இருக்கிறது. அண்ணன் குடையோடு சுற்றிப் போய்ப் பார்த்தான். ஓவியத்தின் மூலக்கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், அதே ஆறு பட்டைகள், அதே வெட்டு. பறவை ஒன்றையும் நகர்த்த வேண்டாம். நான்-வோவனில் ஒரு பட்டை சோதனை அச்சு எடுத்தால் அதில் ஒரு அடித் துண்டை இங்கே அனுப்பட்டும். இடது ஓரத்தில், கூட்டத்தைவிட்டு விலகி, தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்கிற அந்தக் குஞ்சு இருக்கும் துண்டாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
அண்ணன்